ஒரு கண்ணுக்கான அறை

சில வருஷங்களுக்கு முன்பு, கலைக்காகவென்று ஒரு ஸ்தாபனம் கட்டியிருந்த இருட்டறையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேரை நிறுத்தினார்கள். மூன்று பக்கச் சுவரும் தரையும் திரை. எல்லோர் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. விளக்கு அணைந்ததும் ஒரு கோயில் பிராகாரம் எங்களைச் சூழ்ந்து எழுந்தது. தூணைத் தொட்டுவிடலாம் போலிருந்தது. கை நீட்டினால் வெறுங்காற்று. எங்களுக்கு முன்னால் அன்றைய விருந்தினரான ஒரு பிரமுகர் நின்றிருந்தார். அவர் தலையைத் திருப்பினால் பிராகாரம் திரும்பியது. அவர் குனிந்தால் என் காலடியில் தரை நகர்ந்தது. மூலையில் நின்ற எனக்குத் தூண்கள் சாய்ந்தே தெரிந்தன. கொஞ்ச நேரத்தில் தலை சுற்றியது.

வெளியே வந்ததும் கருவியை இயக்கிய இளைஞரிடம் கேட்டேன். "சென்சார் அவர் கண்ணாடியிலதான் சார் இருக்கு. அவருக்குத்தான் நேரா தெரியும். மத்தவங்களுக்குக் கொஞ்சம் சாஞ்ச மாதிரிதான் இருக்கும்" என்றார். சொல்லிக்கொண்டே அடுத்த கும்பலுக்காகக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வைத்தார்.

காஞ்சிபுரம் திரும்பும் பஸ்ஸில் இந்தப் பதில்தான் மனசில் இருந்தது. எட்டுப் பேர் பகிர்ந்துகொள்ளும் அறை என்று சொல்லி அழைத்தார்கள். உள்ளே ஒருவருக்குத்தான் உலகம் ஒழுங்காக இருந்தது. மற்ற ஏழு பேரும் அவருடைய பார்வையின் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தோம். இது அந்த இயந்திரத்தின் கோளாறு அல்ல, அதன் இலக்கணம். இந்த இலக்கணம் எங்கிருந்து வந்தது, வேறு இலக்கணம் உண்டா என்பதுதான் இங்கே என் விசாரணை.

*

1968-ல் ஐவான் சதர்லாண்ட் என்ற அமெரிக்கர் தலையில் மாட்டிக்கொள்ளும் காட்சிக் கருவி ஒன்றைச் செய்தார். கூரையிலிருந்து தொங்கிய அந்தக் கருவி ஒருவருக்கு மட்டுமானது. மாட்டிக்கொண்டவர் கண்டதை அருகில் நின்றவர் அதே கணத்தில் காண முடியாது. இந்தத் தனிமையை உடைக்கத்தான் 1992-ல் சிகாகோவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் சாண்டின், தாமஸ் டிஃபான்டி, கரோலினா க்ரூஸ்-நெய்ரா மூவரும் சுமார் பத்தடிச் சதுர அறை ஒன்றை அமைத்தார்கள். சுவர்களில் பின்னாலிருந்தும், தரையில் மேலிருந்தும் படம் விழும். இடக் கண்ணுக்கான படமும் வலக் கண்ணுக்கான படமும் கண் உணராத வேகத்தில் மாறி மாறி வரும். கண்ணாடி அதே வேகத்தில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறக்கும். இரண்டும் சேர்ந்து ஆழம் என்ற பிரமை உண்டாகிறது. ஒருவருடைய கண்ணாடியில் இருக்கும் உணர்கருவி அவர் தலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தலைக்கேற்பச் சுவர்கள் தம்மைத் திருத்திக்கொள்ளும்.

சாண்டின் அடிப்படையில் ஒரு கலைஞர். எழுபதுகளின் தொடக்கத்தில் வீடியோ பிம்பங்களை உருமாற்றும் கருவி ஒன்றைச் செய்து, அதன் வரைபடங்களை எவர் வேண்டுமானாலும் நகலெடுத்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டவர். பகிர்தல் என்பது அவருக்கு விளம்பர வார்த்தை அல்ல. அப்படிப்பட்டவர் பங்கெடுத்த அறையிலும் சரியான பார்வை ஒரே ஒரு தலைக்குத்தான் கிடைத்தது. ஒரு சுவர், ஒரு நேரத்தில், ஒரு கோணத்துக்குத்தான் உண்மையாக இருக்க முடியும். நல்லெண்ணம் இந்தக் கணக்கை மாற்றுவதில்லை.

அறைக்கு 'கேவ்', அதாவது குகை என்று பெயர் வைத்தார்கள். பிளேட்டோவின் குகையை நினைத்து வைத்த பெயர். கழுத்தைத் திருப்ப முடியாமல் கட்டப்பட்ட கைதிகள், எதிர்ச் சுவரில் அசையும் நிழல்களை உலகமென்று நம்பும் உருவகம் நம் எல்லோருக்கும் தெரியும். நம் எழுத்தாளர்கள் மாயை, பிம்பம், நிஜம் என்று பேச ஆரம்பித்தால் கடைசியில் இந்தக் கைதிகளிடம் வந்து சேர்வார்கள். ஆனால் அந்தக் குகையில் வேறு சிலரும் இருக்கிறார்கள். கைதிகளின் முதுகுக்குப் பின்னால், ஒரு குட்டைச் சுவருக்கு அப்பால், நெருப்புக்கு முன்பாகப் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நிழலே இல்லை. அவர்கள் யார், எதற்காகத் தூக்குகிறார்கள், அவர்களுக்குக் கூலி உண்டா என்று பிளேட்டோ கேட்கவில்லை. அவருக்குப் பிறகு வந்த நாமும் கேட்டதில்லை.

ஆக, இத்தகைய அறையில் மூன்று வகை மனிதர்கள் இருக்கிறார்கள். எவன் கண்ணுக்காக உலகம் ஒழுங்குபடுத்தப்படுகிறதோ அவன். சாய்வாகப் பார்க்கும் மற்றவர்கள். இருட்டில் நின்று இயக்குபவன். முதல் ஆளை மட்டும் சரித்திரம் எழுதுகிறது.

*

பஸ் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது வைகுந்தப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கருவறைகள். பெருமாள் இருந்தும் கிடந்தும் நின்றும் காட்சி தருகிறார். ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த அதிசயத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கருவறையைச் சுற்றிச் சிங்கத் தூண்கள் தாங்கும் நடை ஒன்று இருக்கிறது. அதன் சுவர் நெடுகப் புடைப்புச் சிற்பங்கள், மேலும் கீழுமாக இரண்டு வரிசைகள். பல்லவர்களின் வம்ச சரித்திரம் அங்கே மணற்கல்லில் ஓடுகிறது. நாற்புறமும் சரித்திரம் சூழ்ந்த அறை என்று ஒன்று தமிழ்நாட்டில் உண்டென்றால் அது இதுதான்.

இந்தச் சிற்பங்களை வரிசைப்படுத்தி, கல்வெட்டோடும் செப்பேடுகளோடும் ஒப்பிட்டு, எது எந்தச் சம்பவம் என்று படித்துச் சொன்னவர் சி. மீனாட்சி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். அவருடைய நூலைத் தொல்லியல் துறை 1941-ல் வெளியிட்டது. அதற்கு முந்தைய வருஷமே, முப்பத்து நான்கு வயதில், அவர் இறந்துவிட்டார். அந்த நடையில் எத்தனை தடவை அவர் சுற்றியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ஏனென்றால் அந்தச் சுவரை நின்ற இடத்திலிருந்து படிக்க முடியாது.

சுவர் சொல்லும் கதையின் மையம் ஓர் அரசியல் நெருக்கடி. இரண்டாம் பரமேசுவரவர்மனுக்குப் பிறகு வாரிசு இல்லை. பிரதானிகளும் நகரத்தாரும் பல்லவரின் கிளை வம்சத்தில் வந்த இரணியவர்மனைத் தேடிப் போகிறார்கள். மூத்த புதல்வர் மூவரும் மறுக்கிறார்கள். பன்னிரண்டு வயது நிரம்பிய கடைசி மகன் பல்லவமல்லன் நான் போகிறேன் என்கிறான். மலையும் ஆறும் காடும் கடந்து காஞ்சிக்கு வந்து முடிசூடுகிறான். சுவரைக் கட்டியவன் அந்தச் சிறுவன்தான். தன் பட்டம் நியாயமானது என்று நிரூபிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்தது. எனவே இது கபடமற்ற சரித்திரம் அல்ல. நாற்புறமும் சூழ்ந்துகொண்டு வாதாடும் சரித்திரம். அரசனின் குரலைத் தவிர வேறு குரல் இந்தச் சுவரில் இல்லை.

ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்தச் சுவருக்கு இங்கே நின்று பார் என்று ஒற்றைப் புள்ளி கிடையாது. அரசனே வந்தாலும் நடக்கத்தான் வேண்டும். அவனுக்குப் பின்னால் நடக்கும் எண்ணெய்க்காரனுக்கும் அதே சிற்பம், அதே நேர்ப்பார்வை, இரண்டு எட்டு தாமதமாக. சரித்திரத்தைச் சொல்லும் உரிமையை அரசன் தன்னிடமே வைத்துக்கொண்டான். பார்க்கும் கோணத்தை மட்டும் அவனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. கால்களிடம் விட்டுவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நானும் சுவரைப் போலவே ஒருதலையாகப் பேசியவனாவேன். அந்த நடைக்குள் கால் வைக்கவே எல்லோருக்கும் உரிமை இருக்கவில்லை. சென்னை மாகாணக் கோயில்களைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்ட சட்டம் 1947-ல்தான் வந்தது. கோணம் பொதுவாக இருந்தது, வாசல் பொதுவாக இல்லை. சிகாகோ அறையில் எவர் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், கோணம் பொதுவாக இல்லை. எது மேல் என்று நான் தராசு பிடிக்கவில்லை. பகிர்வு என்ற ஒரே வார்த்தைக்குள் வாசல், கோணம் என்று இரண்டு விஷயங்கள் இருப்பதைச் சொல்கிறேன்.

*

ஒற்றைக் கண்ணுக்காக உலகை வகுக்கும் பழக்கம் ஐரோப்பிய ஓவியத்தில் வேரூன்றியது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ளாரன்ஸ் நகரத்து புருனெலெஸ்கி ஒரு கட்டிடத்தைப் பலகையில் தீட்டி, பலகையில் ஒரு துவாரமிட்டார். பலகையின் முதுகுப்புறமிருந்து துவாரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்து, எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியத்தைப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் கண் இருந்தால் ஓவியமும் கட்டிடமும் ஒன்று. கொஞ்சம் விலகினால் வெறும் பலகை.

1787-ல் ராபர்ட் பார்க்கர் இந்தத் துவாரத்தை ஓர் அறையாக விரித்தார். வட்டமான கட்டிடத்தின் உட்சுவர் முழுவதும் ஓவியம், நடுவில் மேடை, வெளிச்சம் வரும் இடத்தையும் ஓவியத்தின் விளிம்பையும் மறைக்கும் விதானம். பனோரமா என்ற இந்த அமைப்புக்கு அவர் காப்புரிமை வாங்கினார். 1793-ல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே ஒரு கட்டிடம் எழுந்தது. காசு கொடுத்தவர் எல்லோரும் மேடையில் ஏறலாம். வாசல் விசாலமானது. ஆனால் சுற்றிலும் காட்டப்பட்டது எது?

1800-ல் லண்டன் லைசியத்தில் ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இளம் ஓவியர் நூற்றியிருபதடி நீள ஓவியம் ஒன்றை அரைவட்டமாக நிறுத்தினார். விஷயம், முந்தைய வருஷம் மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்புவின் மரணம் அங்கே மாலைநேரப் பொழுதுபோக்காயிற்று. சீமாட்டிகளும் கனவான்களும் கோட்டைச் சரிவின் நடுவே, ரத்தம் படாமல் நின்று வந்தார்கள். நந்திவர்மனின் சுவர் ஒரு பட்டத்துக்காக வாதாடியது. போர்ட்டரின் திரை ஒரு சாம்ராஜ்யத்துக்காக. சுற்றிச் சூழும் அறைக்கும் படையெடுப்புக்கும் உள்ள உறவு தற்செயலானதாக எனக்குப் படவில்லை. பிறருடைய இடத்துக்குள் போய் நிற்கும் ஆசைதான் இரண்டுக்கும் அடி.

இதை அறிந்தே செய்யப்பட்ட படைப்பு ஒன்று உண்டு. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரத்தில் ஆர்ஸ் எலெக்ட்ரானிகா மையத்திலுள்ள குகை அறைக்காக, 1997-ல் மோரிஸ் பெனாயூன் என்ற கலைஞர் 'வேர்ல்ட் ஸ்கின்' என்ற படைப்பைச் செய்தார். வெவ்வேறு போர்களின் புகைப்படத் துண்டுகளால் ஆன நிலக்காட்சி. பார்வையாளர்கள் கையில் காமிராவோடு சுற்றுலாப் பயணிகளைப் போல அதற்குள் நடக்கிறார்கள். ஒரு சிப்பாயைப் படமெடுத்தால், எடுத்த பகுதி அந்த உலகத்திலிருந்து மறைந்து வெளிறிய நிழலுருவாக நிற்கும். எடுத்த படம் அச்சாகிக் கைக்கு வரும். வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பார்ப்பது பறிப்பதாகிறது. சூழும் அறை தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்ட தருணம் என்று இதைச் சொல்லுவேன்.

நம் ஊரில் இதற்கு நேரெதிரான சாட்சி ஒன்று கல்லில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தான். ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலுக்குள் போனான். அங்கே ஒரு தூணில் கன்னடத்தில் அவன் வெட்டிவைத்த சாசனம் சொல்கிற விஷயம் இது: ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்வையிட்டான், அதைத் தேவனுக்கே திரும்பக் கொடுத்தான். பிறகு அவனுடைய ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை எழுப்பினாள். காஞ்சியின் சாயலை அதில் காண்கிறவர்கள் பலர். விக்கிரமாதித்தனைப் புனிதனாக்க நான் வரவில்லை. போர் போர்தான். ஆனால் பார்த்தவன் எடுத்துப் போனது பார்த்த நினைவை மட்டும் என்பது, எடுக்க எடுக்க வெளிறிப்போகும் லின்ஸ் அறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது.

*

இந்த அறை நம் நாட்டையும் விட்டுவைக்கவில்லை. 2006-ல் ஜெஃப்ரி ஷாவும் சாரா கெண்டர்டைனும் 'பிளேஸ் ஹம்பி'யைச் செய்தார்கள். வட்டமான பெரிய திரைக்கு நடுவே சுழலும் மேடை, மேடையில் ஒருவர். அவர் மேடையைத் திருப்பத் திருப்ப, ஹம்பியின் இடிபாடுகள் முப்பரிமாணத்தில் திரையில் நகரும். மற்றவர்கள் அவர் திருப்பியதைப் பார்க்கிறார்கள். பின்னால் கர்நாடகத்தில், ஹம்பிக்கு அருகிலேயே தோரணக்கல்லில், இதற்கு நிரந்தர இடமும் கிடைத்தது. இங்கேயும் திருப்புகிற கை ஒன்றுதான். ஆனால் அது யாருடைய கை என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவர் இறங்கினால் அடுத்தவர் ஏறலாம். அதிகாரம் கண்ணுக்குத் தெரிந்தால் கைமாறுவது சுலபம். என் கறுப்புக் கண்ணாடி அறையில் எட்டுக் கண்ணாடிகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன.

இதையெல்லாம் சொன்னால் நண்பர்கள் இரண்டு விதமாக எதிர்வினை செய்கிறார்கள். ஒரு சாரார், இதெல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்கிறார்கள். இல்லை. நந்திவர்மனின் சுவர் பார்க்க ஆளில்லாத இரவிலும் அங்கே இருக்கிறது, மழையில் கரைந்துகொண்டு. சிகாகோவின் சுவரில் ஆளில்லாதபோது ஒன்றுமே இல்லை. இரண்டும் வேறு வஸ்துக்கள். இன்னொரு சாரார், இது அமெரிக்க வேடிக்கை, கவிதைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். ஒரு கவிதையைப் படிக்கும்போதும் இதே கேள்விதானே? கவிஞன் தன் ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் ஒழுங்காகத் தெரியும் உலகத்துக்குள் நம்மை நிறுத்தித் தலைசுற்ற வைக்கிறானா, நாம் நடந்து நம் கோணத்தைக் கண்டுகொள்ள இடம் விடுகிறானா? நம் சிறுபத்திரிகைக் கவிதைகளில் பாதி முதல் வகை. என்னுடையதும்தான்.

*

எங்கள் தெருவில் கோர்வைப் புடவை நெய்கிறார்கள். உடலும் கரையும் வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவரால் முடியாது. எதிர்ப்பக்கக் கரையின் நாடாவைத் தள்ள இன்னொருவர் உட்கார்ந்திருப்பார், பெரும்பாலும் மனைவி, முன்காலத்தில் சிறுபிள்ளை. ஜக்கார்டு பெட்டியும் துளையிட்ட அட்டையும் வருவதற்கு முன்பு அடை நூலைத் தூக்கிக் கொடுக்கவும் ஓர் ஆள் வேண்டும். துளை அட்டை பிரான்சில் 1804-ல் ஜக்கார் செய்த ஏற்பாடு. அதிலிருந்து பாபேஜ் வழியாகக் கம்ப்யூட்டருக்கு ஒரு கோடு இழுப்பார்கள். அந்தக் கோட்டில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் வருவதில்லை. புடவையைப் பார்த்தாலும் அவர் தெரிவதில்லை. கரையும் உடலும் பிசிறில்லாமல் சேர்ந்திருப்பது மட்டுமே அவர் இருந்ததற்கு அத்தாட்சி.

இயக்குபவர்களைப் பற்றி நான் திரும்பத் திரும்பப் பேசுவது இரக்கத்தால் அல்ல. அவர்கள் போனால் அறை போய்விடுகிறது. முதல் குகை அறைகளின் படங்களைக் கணித்தவை சிலிகான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் இயந்திரங்கள். 2009-ல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. தொண்ணூறுகளில் அந்த இயந்திரங்களுக்காகச் செய்த கலைப்படைப்புகள், யாராவது பொறுமையாக வேறு இயந்திரத்துக்கு மாற்றி எழுதினால்தான் மறுபடி எழும். முப்பது வருஷத்தில் இந்தக் கதி. கைலாசநாதர் கோயிலின் பிராகாரத்தைச் சுற்றி ஐம்பத்தெட்டுச் சிற்றறைகள் இருக்கின்றன. அவற்றில் பூச்சுக்கு அடியில் பல்லவ ஓவியங்களின் மிச்சம் இருப்பதை 1931-ல் புதுச்சேரி ழூவோ துப்ரேய் கண்டார். ஆயிரத்து இருநூறு வருஷம் தாண்டி ஒரு முகத்தின் பாதி, ஒரு கையின் கோடு. அவையும் யாரோ சுண்ணாம்பைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்ததால் வெளியே வந்தவை.

2019-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். முந்தைய முறை 1979. நாற்பத்தெட்டு நாளில் ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள் என்றார்கள். நானும் வரிசையில் நின்றேன். முக்கியஸ்தர்களுக்குத் தனி வழி இருந்தது. பொது வரிசையில் எனக்குக் கிடைத்தது சில நொடி, பக்கவாட்டில், தலைகளுக்கு நடுவே. நகருங்க, நகருங்க என்று தொண்டை கட்டிக் கத்திக்கொண்டிருந்தவர் பெருமாளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றிருந்தார். அவ்வளவு பேரையும் பார்க்க வைத்தவர் அன்றைக்கு எத்தனை முறை திரும்பிப் பார்த்திருப்பார்?

அந்த இருட்டறைக்கு நான் மறுபடி ஒரு நாள் போனேன். கும்பல் இல்லை. இளைஞர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னிக்கு நீங்க சென்சார் கண்ணாடி போட்டுப் பாருங்க சார்" என்றார். போட்டேன். தூண்கள் நிமிர்ந்து நின்றன. நான் குனிந்தேன்; உலகம் எனக்காகக் குனிந்தது. சந்தோஷமாக இருந்தது, மறுக்க மாட்டேன். ஐந்து நிமிஷம் கழித்துக் கழற்றி, "நீங்க போட்டுப் பாத்திருக்கீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"செக் பண்ண டெய்லி போடுவேன் சார். பாக்கறதுக்குன்னு போட்டதில்ல" என்றார்.

கண்ணாடியை அவரிடம் கொடுத்துவிட்டு மூலையில் போய் நின்றேன். தூண்கள் சாய்ந்தன. அவர் மெல்ல நடந்தார்.